ஆர்.டி.ஐ.: பதினான்கு வருஷ அனுபவமும் ஒரு 6(3) கடிதமும்

போன வாரம் கூடப் படித்த நண்பன் ஒருவன் போன் செய்தான். அவன் அம்மா பேரில் நத்தம் மனைக்குப் பட்டா கேட்டு மனுக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறதாம். எப்போது போய்க் கேட்டாலும் "ஃபைல் மேல போயிருக்கு" என்கிறார்களாம். "ஆர்.டி.ஐ. போடட்டுமாடா? நீதான் நிறையப் போட்டிருக்கியே" என்றான். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுவதைத்தான் சொல்கிறான். வேறு நாளாக இருந்தால் யோசிக்காமல் போடு என்றிருப்பேன். அன்று காலைதான் தபால்காரர் எனக்கு ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

என் முதல் மனு 2011-ல். இதுவரை 23 போட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே அட்டைக் கோப்பில் இருக்கின்றன, கோப்பு இப்போது மூடுவதில்லை. மனு, பத்து ரூபாய், 30 நாள், பதில் இல்லையென்றால் மேல்முறையீடு என்பதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் நேராக என் எரிச்சலுக்கு வருகிறேன். அதன் பெயர் பிரிவு 6(3), மனுவை வேறு இடத்துக்கு மாற்றிவிடும் பிரிவு.

எங்கள் ஊரில் 2019-ல் ஓடைப் புறம்போக்கை அளந்து கல் நட்டார்கள். இப்போது அதில் பாதிக் கல்லைக் காணோம். அளந்தபோது எழுதிய அறிக்கையையும் வரைபடத்தையும் நகல் கேட்டேன். மொத்தம் இரண்டு தாள், மூன்று இருந்தால் அதிகம். மேலே கேட்டால் கீழே வரை நடக்கும் என்ற நப்பாசையில் மாவட்டத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். இத்தனை வருஷம் ஆகியும் செய்த தப்பு அது.

முதல் கடிதம் 27-ம் நாள் தேதியிட்டு வந்தது. கவரைப் பிரிக்கும்போது ஒரு சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பிரித்தால் பெறுநர் நான் இல்லை, கோட்ட அலுவலகம். தாளின் கடைசியில் 'நகல்' என்று போட்டு என் பெயர். "மனுதாரர் கோரும் தகவல் தங்கள் அலுவலகம் தொடர்பானது என்பதால், மனுதாரருக்கு நேரடியாகத் தகவல் வழங்கிவிட்டு, அதன் விவரத்தை இவ்வலுவலகத்துக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." ஒரு வாரம் கழித்துக் கோட்டத்திலிருந்து வட்டத்துக்கு அதே வாசகம். அடுத்த வாரம் வட்டத்திலிருந்து நில அளவைப் பிரிவுக்கு அதே வாசகம். நண்பன் போன் செய்த அன்று வந்தது நான்காவது, மனு போட்டு 52-ம் நாள். நில அளவைப் பிரிவு கோட்டத்துக்கு எழுதியிருக்கிறது: அறிக்கை 2019-லேயே தங்கள் அலுவலகத்துக்குச் சமர்ப்பிக்கப்பட்டுவிட்டதால், மனுதாரருக்கு நேரடியாகத் தகவல் வழங்கிவிட்டு...

நான்கு கடிதத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் முந்தைய கடிதங்களைக் குறித்து 'பார்வை' என்று ஒரு பட்டியல் இருக்குமே, அது ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு வரி வளர்ந்திருக்கிறது. என் கேள்வி அதே வேகத்தில் தேய்ந்திருக்கிறது. முதல் கடிதத்தில் "ஓடைப் புறம்போக்கு அளவீட்டு அறிக்கை நகல் கோருதல்" என்று இருந்த பொருள், மூன்றாவதில் "நில அளவை தொடர்பாக" என்று ஆகி, நான்காவதில் வெறும் "மனு தொடர்பாக" என்று நிற்கிறது. இன்னும் இரண்டு அலுவலகம் சுற்றினால் 'தொடர்பாக' மட்டும்தான் மிஞ்சும்.

சட்டத்தில் இதற்கு இடமே இல்லை என்பதுதான் ஆத்திரம். தகவல் வேறொரு பொது அதிகார அமைப்பிடம் இருந்தால், அதிகபட்சம் ஐந்து நாளைக்குள் மனுவை அங்கே மாற்ற வேண்டும். அதுதான் 6(3). இருபத்தேழு நாள் வைத்திருந்துவிட்டு, கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது தள்ளிவிடுவதற்கு அது எழுதப்படவில்லை. அதைவிட முக்கியம், ஒரே துறையின் மேல் அலுவலகமும் கீழ் அலுவலகமும் எப்படி வேறு வேறு அமைப்பு ஆகும்? இன்னொரு அலுவலரின் மேசையில் இருக்கும் தகவலுக்குத்தான் 5(4), 5(5) இருக்கின்றன. மனுவுக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் இருக்கும் பொதுத் தகவல் அலுவலர் வேறு எந்த அலுவலரின் உதவியையும் கேட்டுப் பெறலாம். கேட்கப்பட்டவர் உதவியே ஆக வேண்டும், தவறினால் அவரையே தகவல் அலுவலராகக் கருதிப் பொறுப்பாக்கலாம். அதாவது ஒரு போன் போட்டு "அந்த ரெண்டு ஷீட்ட அனுப்புங்க" என்றால் முடிகிற வேலை. அதற்கு நான்கு கடிதம், நான்கு தபால் செலவு, நான்கு கையெழுத்து. நான் கேட்ட நகலுக்கு ஆகும் செலவு பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

சரி, கொஞ்சம் நியாயமாகவும் பேச வேண்டும். நான் பார்த்த தகவல் அலுவலர்களில் பாதிப் பேருக்கு இது உபரி வேலை. துணை வட்டாட்சியராக இருப்பவர் சான்றிதழ், தேர்தல், வெள்ள நிவாரணம், அமைச்சர் வருகை எல்லாம் பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் இதற்கு உட்கார வேண்டும். அதற்கென்று தனி உதவியாளர் கிடையாது. பதிவறையில் துணி சுற்றிய கட்டுகளை இறக்கித் தேட ஒரே ஒருவர், அவரும் அடுத்த வருஷம் ஓய்வு. மனுப் போடுகிறவர்களும் எல்லோரும் யோக்கியமில்லை. என்னுடைய 2011 மனுவை இப்போது எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. பதினான்கு கேள்வி, அதில் எட்டு 'ஏன்'. ஏன் சாலை போடவில்லை, ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை. பதிவேட்டில் 'ஏன்' என்று ஒரு பத்தி இருக்காது. கையில் இருக்கும் தகவலைக் கொடுத்தால் போதும், இல்லாததை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று அதே 2011-ல் சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாணவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்ததும் அதே தீர்ப்புதான். எனக்கு அன்று வந்த இரண்டு வரிப் பதில் எனக்கு வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டு ஆவணம் கேட்கக் கற்றுக்கொண்டேன். அப்படியே 2014-ல் இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயத்தைக் கண்டுபிடித்தேன். கோப்பை நேரில் போய்ப் பார்ப்பது. பிரிவு 2(j) அதைக் கொடுக்கிறது. ஆவணத்தைப் பார்வையிடலாம், குறிப்பு எடுக்கலாம், சான்றிட்ட நகல் வாங்கலாம். பொருளின் மாதிரிகூட எடுக்கலாம், அதாவது போட்ட சாலையிலிருந்து ஒரு துண்டு கேட்கவும் வழி இருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

எங்கள் தெருவில் போட்ட சாலை எட்டே மாதத்தில் பல்லிளித்தது. எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தையும் கோப்பையும் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டேன். ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு, கோப்பை முன்னால் வைத்துவிட்டு, டீயும் சொன்னார்கள். கண்ட்ராக்டரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்ற தோரணையில்தான் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்து டேப் போட்டு அளந்து எழுதிய சீட்டு பாக்கெட்டில் இருந்தது.

நீளம் சரியாக இருந்தது. அகலமும் சரி. கனம் வரைக்கும் எழுதியிருந்தது. பக்கத்தைத் திருப்பத் திருப்ப என் சீட்டு பாக்கெட்டுக்குள் சுருண்டுகொண்டே போனது. கோப்பின் பின்பாதியில் உதவிப் பொறியாளர் ஒருவர் எழுதிய மூன்று கடிதங்கள் இருந்தன. சாலை போட்ட பிறகு குடிநீர்க் குழாய்க்காக ஓரத்தைத் தோண்டினார்கள், தோண்டிய இடத்தைச் சரியாக மூடவில்லை, மழை வந்தால் சாலை போய்விடும். மூன்று மாதத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை. மூன்றாவதன் ஓரத்தில் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று மட்டும் யாரோ எழுதி, கீழே ஒரு சுருக்கொப்பம்.

எங்கள் தெருவே திட்டிக்கொண்டிருந்த அலுவலகத்துக்குள் ஒரு மனிதர் எங்களுக்காகத் தனியாகச் சண்டை போட்டிருக்கிறார், எங்களுக்குத் தெரியவே தெரியாது. தபாலில் வரும் பதிலில் இது வராது. "கோரிய தகவல் இணைக்கப்பட்டுள்ளது" என்று எம்-புக் நகல் மட்டும் வந்திருக்கும், நானும் அவரையே திருடன் என்று முடிவு கட்டியிருப்பேன். அந்த மூன்று கடிதத்தின் நகலை வாங்கிக் குடிநீர் அலுவலகத்துக்கு ஒரு மனுவோடு அனுப்பியபோதுதான் வேலை நடந்தது. பத்து ரூபாய்க்கு இதற்கு மேல் என்ன கிடைக்கும்? இன்றைக்கும் யாராவது கேட்டால், நகல் கேட்பதற்குப் பதில் ஆய்வு கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநில அலுவலகங்களுக்குக் கட்டணமாக மனுவில் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும். அதே பழக்கத்தில் மத்திய அரசு அலுவலகத்துக்கும் ஒட்டி அனுப்பி ஒருமுறை மனு திரும்பி வந்தது. அங்கே போஸ்டல் ஆர்டர், இல்லையென்றால் இணையத்தில் கட்ட வேண்டும். பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், செலவு கொஞ்சம் கூடும். ஆனால் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள், எங்கள் மாதிரி ஆட்களுக்கு அது குலதெய்வம். அப்புறம், போன் வரும். "எதுக்கு சார் இதெல்லாம், நேர்ல வந்திருந்தா நாங்களே குடுத்திருப்போமே" என்பார்கள். நேரில் பதினோரு தடவை போனதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று 6(2) சொல்கிறது. நான் பணிவாக "எழுத்துல குடுத்துடுங்க சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

புதிதாக ஒரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. தனிப்பட்ட தகவலை மறுக்கும் 8(1)(j) முன்பு கொஞ்சம் நீளமாக இருந்தது. பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாதது, அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைவது என்றெல்லாம் நிபந்தனை இருக்கும், நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரியும் இருக்கும். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதையெல்லாம் வெட்டிவிட்டது, 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒரு சொல் போதும். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது. ஆனால் அதை நாமாக மனுவில் எழுதி வாதாட வேண்டும், அவர்களாக எடுத்துப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

தகவல் தராத அலுவலருக்குப் போடும் தண்டம் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். நாளுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000. 2005-ல் எழுதிய தொகை, இன்றும் அதேதான். என் 23 மனுவில் ஒருவர்கூட ஒரு ரூபாய் கட்டியதில்லை. ஒரே ஒரு மனு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு வரை போனது. அதை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் கெடு எதுவும் இல்லை. ராத்திரி பஸ் பிடித்து விசாரணைக்குப் போனேன். கூப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வராந்தாவில் அந்த அலுவலர் ஒரு கவரை என் கையில் திணித்தார். உள்ளே நான் கேட்ட அத்தனை நகலும். "தகவல் கிடைத்துவிட்டதா?" என்று உள்ளே கேட்டார்கள். கிடைத்துவிட்டதே, இல்லை என்று எப்படிச் சொல்வது?

ராத்திரி நண்பனுக்குப் போன் செய்தேன். கோப்பு ஆய்வைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன், பச்சை மையைப் பற்றியும் சொன்னேன். கடைசியில், "போடாதே" என்றேன். "ஒரு வாரம் லீவு போட்டு அந்த ஆபீஸ் வாசல்லயே உக்காரு, சீக்கிரம் முடியும்." அவன் குழம்பிப்போய், "அப்ப நல்லதுன்னு சொன்னியே?" என்றான். நல்லதுதான். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். 2014-ல் கேட்டிருந்தால் ஐந்து கொடுத்திருப்பேன், 52-ம் நாளில் கேட்டால் இரண்டுதான்.

அப்படியும் போடுவேன் என்றால் யார் மேசையில் கோப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த அலுவலகத்துக்கே போடு, பெரிய இடத்துக்குப் போடாதே, ஒரு மனுவில் ஒரு விஷயம், நகலோடு ஆய்வும் கேள் என்று சொல்லி வைத்தேன். எழுதிக்கொண்டான் போலிருக்கிறது, பேனா சத்தம் கேட்டது.

என் ஓடை விஷயத்தில் முதல் மேல்முறையீட்டுக்குச் சில நாள்தான் மிச்சம். அதற்குக் கட்டணம் இல்லை, கெடு தாண்டிவிட்டதால் நகலும் இனி இலவசமாகத் தர வேண்டும், 7(6) அப்படித்தான் சொல்கிறது. நேற்று உட்கார்ந்து தட்டச்சு செய்து முடித்தேன். பெறுநர், பொருள் எல்லாம் போட்டுவிட்டுப் படித்துப் பார்த்தால், என் மனுவிலும் 'பார்வை' ஆறு வரை வந்திருக்கிறது.