கோண்டாவில் ஒழுங்கையில் ஒரு கராஜ்: 312,000 கிலோமீற்றர் ஓடிய காருடன் என் அனுபவம்

எங்கள் வீட்டில் நிற்பது 1997ஆம் ஆண்டுத் தயாரிப்பான ரொயோட்டா கொரோலா 110. மீற்றர் இன்று 312,000 கிலோமீற்றர் காட்டுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபோது, இதை விற்றுவிட்டு வேறொன்று எடுக்கலாம் என்று விலை விசாரித்தேன். வரியோடு சேர்த்துச் சொன்ன தொகையைக் கேட்ட பின்னர், இருப்பதை ஒழுங்காகப் பராமரித்து ஓடுவதென்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்காக நான் இன்றுவரை வருந்தாமல் இருப்பதற்குக் காரணம், யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கோண்டாவில் ஒழுங்கை ஒன்றில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கும் ஒரு கராஜ்.

அங்கே நான் முதலில் போனது ஒரு நெருக்கடியில். வவுனியாவிலிருந்து திரும்பும்போது மாங்குளம் தாண்டியதும் வெப்பமானி முள் ஏறத் தொடங்கியது. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நிறுத்தி, பொனற்றைத் திறந்து வைத்து, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, அதன் பிறகும் இடையிடையே நின்று தண்ணீர் விட்டுத்தான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தோம். மறுநாள் காட்டிய ஓர் இடத்தில், ஐந்து நிமிடம்கூடப் பார்க்காமல், ஹெட் காஸ்கற் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்று பெரிய தொகையொன்றைச் சொன்னார்கள்.

அதன் பிறகு போன கோண்டாவில் கராஜின் அண்ணை உடனே சாவியைக் கையில் எடுக்கவில்லை. முள் ஏறியது வேகமாக ஓடும்போதா, வண்டி நிற்கும்போதா என்று கேட்டார். நிற்கும்போது மட்டும் சூடேறினால் விசிறியைச் சந்தேகிக்க வேண்டும், ஓட்டத்திலும் ஏறினால் றேடியேற்றருக்குள் தண்ணீர் ஓடவில்லை என்று எண்ண வேண்டும் என்பது அவருடைய கணக்கு. ஒயில் குச்சியை இழுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். ஹெட் காஸ்கற் போயிருந்தால் தண்ணீர் கலந்து ஒயில் பால் நிறமாகியிருக்கக்கூடும்; அப்படி மாறியிருக்கவில்லை. றேடியேற்றர் மூடியின் ஸ்பிறிங்கை அமத்திப் பார்த்தபோது அது எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. அந்த ஸ்பிறிங்தான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் 100 பாகையில் கொதித்துவிடாமல் காக்கிறது என்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

பிறகு றேடியேற்றரின் மேல் தாங்கியைக் கழற்றிக் காட்டினார். குழாய்களின் வாய்கள் பாதிக்கு மேல் வெள்ளையாக அடைபட்டிருந்தன. ஒரு துண்டைக் கிள்ளி என் கையில் வைத்து, “தம்பி, கேத்திலுக்குள்ள பிடிக்கிற அதே சுண்ணாம்புதான் இதுக்குள்ளயும் பிடிச்சிருக்கு” என்றார். எங்கள் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்பது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தேநீர்க் கேத்திலின் அடியில் அதை நாளாந்தம் காண்கிறோம். ஆனாலும் வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீரையே காருக்குள் ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். ஹெட் காஸ்கற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. றேடியேற்றரைக் கழற்றிக் குழாய்களைச் சுத்தம் செய்து, மூடியை மாற்றி, கூலன்ற் விட்டதோடு அந்த வியாதி தீர்ந்தது. இந்த ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த ஒரு விடயத்தையாவது மனத்தில் வைத்திருக்க வேண்டுமென்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

அவர் தொழில் பழகியது 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. புதிய உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில், பழையதை ஆராய்ந்து திருத்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எதையும் மாற்றுவதற்கு முன் ஏன் பழுதானது என்று தேடும் அவருடைய பழக்கம் அங்கிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். மாற்றிய பாகங்களை ஒரு துணியில் சுற்றி ஆசனத்தின் கீழே வைத்துத் தருகிறார். நான் கேட்டதில்லை, அவராகவே செய்கிறார்.

ஒவ்வொரு காருக்கும் ஒரு அப்பியாசக் கொப்பி உண்டு. 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலும் ஒயில் பில்ரரும். செம்மண் தூசி படியும் ஊர் என்பதால் எயார் பில்ரரை ஒவ்வொரு முறையும் கழற்றிப் பார்க்கிறார். 300,000 வந்ததும் ரைமிங் பெல்ற்றை மாற்றும் தவணை வந்தது. அது 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. வோட்டர் பம்பின் புல்லியைக் கழற்றாமல் பெல்ற் மூடியைத் திறக்க முடியாது என்பதால், கசிவின் அடையாளம் தெரிந்த பம்பையும் அதே தடவையில் மாற்றி, இரண்டாவது கூலியை மிச்சப்படுத்தித் தந்தார். காலையில் முதல் ஸ்ராட்டில் வரும் மெல்லிய நீலப் புகையைப் பற்றிக் கேட்டபோது, வால்வு சீல்கள் இறுகிப்போய் ஒயில் உள்ளே கசிந்து எரிகிறது, ஒயில் குறையும் அளவை ஒவ்வொரு கிழமையும் எழுதி வாருங்கள், அவசரம் வந்தால் நானே சொல்கிறேன் என்றார். செலவு வைக்கக்கூடிய இடத்தில் செலவு வைக்காத அந்தப் பதிலுக்காகவே நான் அவரை நம்புகிறேன்.

குறைகளும் உண்டு. மாலையில் தருவதாகச் சொன்ன கார் இரண்டு நாள் கழித்துக் கிடைத்திருக்கிறது. கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பாகம் வரவேண்டுமென்றால் ஒரு கிழமையும் ஆகலாம். ஏசி வேலையும் ரிங்கரிங் எனப்படும் தகர வேலையும் அங்கே இல்லை. ஆகவே கடலைக் கடக்கும் பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்கு அடிக்கடி போய்வரும் எங்கள் காரின் அடிப்பகுதித் துருவுக்கு வேறோர் இடம் தேட வேண்டியிருந்தது. காசு மட்டுந்தான் வாங்குகிறார். பற்றுச்சீட்டு கையால் எழுதியது.

போக விரும்புபவர்கள் காரை முதல்நாள் மாலையே அங்கு விட்டுவிடுங்கள். இரவு முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சினின் முதல் ஸ்ராட்டைத் தன் காதாலேயே கேட்க வேண்டும் என்பார். சூட்டோடு கொண்டுபோனால், மறுநாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.