இருபது அட்டைகளும் என் பி.காம். பிள்ளைகளும்

வொர்க் இம்பார்ட்டன்ஸ் லொக்கேட்டர். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் திட்டம் இலவசமாகத் தரும் கருவி. வேலையில் நமக்கு எது முக்கியம் என்று பார்க்க 20 அட்டைகள், அடுக்க ஒரு தாள். ஜெராக்ஸ் காசுதான் செலவு. அட்டைகளைத் தமிழில் எழுதி, முதல் வருடத்தில் ஒரு தடவை, கடைசி வருடத்தில் ஒரு தடவை என்று என் வகுப்புகளுக்குக் கொடுத்து வருகிறேன்.

தாளில் ஐந்து பத்திகள், ஒவ்வொன்றிலும் நான்கு அட்டைதான் வைக்கலாம். முதல் பத்திக்கு 5 மதிப்பெண், கடைசிக்கு 1. இந்தக் கெடுபிடிதான் இதன் பலம். சாதாரணக் கேள்வித்தாள் என்றால் எங்கள் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ‘மிக முக்கியம்’ என்று டிக் அடித்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். இங்கே ஐந்தாவதாக ஒன்று பிடித்துப்போனால், இருக்கும் நான்கில் ஒன்றை இறக்கியே ஆக வேண்டும்.

முதல் வருடத்தில் ‘நிரந்தர வேலை’ யோசிக்காமலே மேலே போகும். டிஎன்பிஎஸ்சி ஆசை வீட்டிலிருந்தே வருவது. கூடவே சம்பளம், பதவி உயர்வு. ‘மேலதிகாரி ஊழியர்களுக்காக நிர்வாகத்திடம் பேசுவார்’ என்ற அட்டையைச் சீண்ட ஆளில்லை. ஒரு மாணவி அதைக் கடைசியில் போட்டுவிட்டு, “இதெல்லாம் ஒரு விஷயமா மேடம்?” என்றாள். அப்புறம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் போனாள். ஜிஎஸ்டி தாக்கலில் வேறு யாரோ செய்த தப்புக்கு இவள் திட்டு வாங்கினாள். கடைசி வருடத் தாளில் அதே அட்டை முதல் பத்தியில். இறங்கியது பதவி உயர்வு.

மதிப்பெண் கூட்டும் முறைதான் எனக்கு ஒப்பவில்லை. 20 அட்டைகளையும் ஆறு தலைப்புகளில் அடக்குகிறார்கள். சம்பளம், நிரந்தரம், தனியாக வேலை பார்ப்பது எல்லாம் ‘பணிச்சூழல்’ என்ற ஒரே மூட்டையில். சம்பளம் ஒரு படி இறங்கி நிரந்தரம் ஒரு படி ஏறினால் கூட்டுத்தொகை அசையாது. பிள்ளை மாறியதே தெரியாது. அதனால் கூட்டுவதை விட்டுவிட்டு, அடுக்கிய தாளை ஃபோனில் படம் பிடித்து வைக்கிறேன். இரண்டு படங்களையும் சேர்த்துக் காட்டினால் அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வீட்டுக்கென்று ஓர் அட்டை இல்லாதது பெரிய குறை. “அம்மாவை விட்டுட்டு சென்னைக்குப் போக முடியாது மேடம், அதை எங்கே வைக்க?” என்று ஒரு பையன் கேட்டான். இப்போது வெற்று அட்டை ஒன்றும் சேர்த்துக் கொடுக்கிறேன். கணக்கு இடிக்கும், இடிக்கட்டும். கூட வரும் வேலைப் பட்டியல் அமெரிக்காவுக்கானது. அதில் விஏஓ-வைத் தேட வேண்டாம்.

ஐந்துக்கு நாலு. ஒரே ஒரு தடவை வைத்துவிட்டுத் தாளைக் கட்டி வைக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு.