கேடிஎம் 390 டியூக்கில் மோட்டுல் 7100 15டபிள்யூ-50: 12,000 கிலோமீட்டருக்குப் பிறகு

என் வண்டி கேடிஎம் 390 டியூக், 373 சிசி பழைய மாடல். தொடர்ந்து இரண்டு முறை மோட்டுல் 7100 என்ற எஞ்சின் ஆயிலை ஊற்றி, முறைக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். புது ஆயில் ஊற்றிய அன்று எந்த வண்டியும் வெண்ணெய் மாதிரிதான் ஓடும். அதை வடிக்கும் நாள் நெருங்கும்போது கியர் எப்படி விழுகிறது என்பதை வைத்துத்தான் ஆயிலை எடைபோட வேண்டும். இத்தனை நாள் பொறுத்து எழுதுவது அதனால்தான்.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை அவசரத்துக்குக் கார் ஆயிலை ஊற்றினேன். 5டபிள்யூ-30 (டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் உள்ளது சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு), ஃபுல் சின்தெடிக், காருக்கு நல்ல சரக்குதான். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு மேட்டில் நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். மீட்டரில் ஆர்பிஎம் பட்டை 6,000-லிருந்து 8,000-க்கு ஓடியது, வண்டி அதே வேகத்தில் கிடந்தது. கிளட்ச் வழுக்குகிறது. கேனைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் ஆயிலின் தரத்தைக் காட்டும் வட்ட முத்திரையின் அடியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று சின்ன எழுத்து. எரிபொருளை மிச்சம்பிடிக்க உராய்வைக் குறைத்துத் தயாரித்த ஆயில் அது. சாதாரண மேனுவல் காரில் கிளட்ச் ஆயில் படாமல் தனியாக இருக்கிறது. என் வண்டியிலோ கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. உராய்வைக் குறைத்துவிட்டால் தட்டுக்குத் தட்டு பிடிப்பு எங்கிருந்து வரும்? அதை வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றி, சில நூறு கிலோமீட்டரில் மறுபடியும் மாற்றிய பிறகுதான் வண்டி பழைய நிலைக்கு வந்தது.

இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் ஜப்பானில் 1998-இல் ஜாஸோ டி903 என்ற பைக் ஆயில் தரத்தைக் கொண்டுவந்தார்கள். கேனில் எம்ஏ2 என்றிருந்தால் ஆயிலில் ஊறும் கிளட்ச் நன்றாகப் பிடிக்கும். எம்பி என்றால் உராய்வு குறைவு, அது பெரும்பாலும் ஸ்கூட்டர்களுக்கு. 390-இன் மேனுவல் கேட்பது எம்ஏ2, 15டபிள்யூ-50. மோட்டுல் 7100 இரண்டுக்கும் பொருந்துகிறது. ஆனால் 7100 என்ற பெயரிலேயே 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று வரிசையாகக் கேன்கள் இருக்கின்றன. பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். பைக்கில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில். மல்டிகிரேடு ஆயில், அதாவது 15டபிள்யூ-50 போல இரண்டு எண் உள்ளது, சூட்டில் ரொம்ப நீர்த்துப்போகாமல் இருக்கச் சேர்க்கும் நீளமான பாலிமர்களைக் கியர் பற்கள் நறுக்கிக்கொண்டே இருக்கும். 50 என்ற கிரேடுக்கு 100 டிகிரி செல்சியஸில் பாகுநிலை, அதாவது ஓடவிடாத கெட்டித்தன்மை, குறைந்தது 16.3 சென்டிஸ்டோக்ஸ் இருக்க வேண்டும். பாலிமர் நறுங்கினால் உள்ளே இருக்கும் 50 மெல்ல மெல்ல 40 ஆகிவிடும். அதற்கு லேப் ரிப்போர்ட் வேண்டாம், இடது கால் சொல்லிவிடும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் 'கடக்' என்று ஒரு முரட்டுச் சத்தம். சிக்னலில் நியூட்ரல் தேடினால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். முன்பு நான் ஊற்றிய செமி சின்தெடிக் 2,500-லேயே அந்த நிலைக்கு வந்தது. 7100-இல் 5,000 வரை நியூட்ரல் ஒரே தட்டில் விழுந்தது. கடைசி ஆயிரத்தில் கொஞ்சம் கரடு தட்டியது, அவ்வளவுதான். இது எஸ்டர் கலந்த சின்தெடிக். எஸ்டர் மூலக்கூறு உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் தன்மையுள்ளது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் வால்வுப் பக்கமிருந்து வரும் டப்பெட் சத்தம் சீக்கிரம் அடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மைலேஜில் வித்தியாசம் இல்லை. டிராஃபிக்கில் ரேடியேட்டர் ஃபேன் முன்பு போலவே சுற்றுகிறது. வடிக்கும்போது ஆயில் கன்னங்கரேலென்று வந்தது. கறுப்பானாலே கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், எஞ்சினுக்குள் இருக்கும் கரியை அது தன்னோடு சுமந்துகொண்டு வருகிறது.

நண்பர் ஒருவர், "பெர்ஃபார்மன்ஸ் வண்டிதானே, 10டபிள்யூ-60 போட்டுவிடு" என்றார். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பிஎம்டபிள்யூ இ46 எம்3 காரின் எஸ்54 எஞ்சினுக்கு 10டபிள்யூ-60 சொன்னார்கள், உண்மைதான். அதைவிட வேகமாகச் சுழலும் ஹோண்டா சிபிஆர்1000ஆர்ஆர் பைக்குக்கு மேனுவலில் இருப்பது 10டபிள்யூ-30. பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், சூடு எல்லாம் பார்த்து எஞ்சினைச் செய்தவர்கள் குறித்த எண் அது. கெட்டியான ஆயில் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து ஊற்றினால், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும், பவரும் கொஞ்சம் வீணாகும்.

தினமும் நிதானமாக ஓட்டி 3,000-லேயே மாற்றிவிடுகிறவர்களுக்கு, மேனுவல் கேட்கும் கிரேடும் எம்ஏ2-வும் உள்ள சாதாரண ஆயிலே போதும். நெடுந்தூரம் விரட்டி ஓட்டுகிறவர்களுக்கு 7100 கட்டாயம் பொருந்தும். நான் மூன்றாவது கேனை வாங்கி வைத்துவிட்டேன். கூடவே ஒரு ஆயில் ஃபில்டரும், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷரும்.