இம்பீடன்ஸ் மேட்சிங்: எந்த முறை எந்த வேலைக்கு?

இம்பீடன்ஸ் என்பது மாறுமின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் மொத்தத் தடை; மூலம், லைன், சுமை (பவரை வாங்கும் பகுதி) இவற்றின் இம்பீடன்ஸை ஒன்றுக்கொன்று பொருத்துவதுதான் மேட்சிங். மேட்சிங் என்றாலே எந்த முறை சிறந்தது என்று கேட்டுவிடுகிறோம், எதற்காக மேட்ச் செய்கிறோம் என்று கேட்பதில்லை. சுமைக்கு உச்சபட்ச பவர் போக வேண்டுமா, எடுத்த பவர் வழியில் வீணாகாமல் இருக்க வேண்டுமா, அல்லது லைனில் போகும் அலை முனையில் மோதித் திரும்பாமல் இருக்க வேண்டுமா? இந்த மூன்றும் வேறு வேறு தேவைகள். ஒன்றுக்கு ஏற்ற விடை இன்னொன்றுக்குக் கேடாகக்கூட முடியும்.

முதல் இரண்டை எடுத்துக்கொள்வோம். மூலத்தின் உள்தடை 10 ஓம், சுமையும் 10 ஓம் என்றால் சுமைக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச பவர் கிடைத்துவிடும், ஆனால் அதே அளவு பவர் மூலத்துக்குள்ளேயே வெப்பமாகப் போகும், அதாவது செயல்திறன் 50 சதவீதம்தான். சுமையை 90 ஓம் ஆக்கினால் செயல்திறன் 90 சதவீதத்துக்கு ஏறும். சுமைக்குப் போகும் பவரோ முன்பு கிடைத்ததில் 36 சதவீதமாக இறங்கிவிடும். ஆன்டெனா பிடித்துத் தரும் துளியூண்டு சிக்னலை ரிசீவருக்குள் கொண்டுபோவதற்கு முதல் வழி சரி. மின்நிலைய ஜெனரேட்டருக்கு அதையே செய்தால் உற்பத்தியில் பாதி உள்ளேயே எரியும். உள்தடையை மாற்ற முடியாது என்றால் சுமையை அதற்குச் சமமாக வை என்பதுதான் அதிகபட்ச பவர் தேற்றம். அந்த ‘என்றால்’ பாடம் நடத்தும்போதே காணாமல் போய்விடுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உயர் மின்னழுத்த லைன்களில் கவனிப்பது லைனின் சொந்த இம்பீடன்ஸை, அதாவது லைனில் ஓடும் அலையின் வோல்டேஜுக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதமான சர்ஜ் இம்பீடன்ஸை. 400 கிலோவோல்ட் லைன் ஒன்றுக்கு அது 300 ஓம் என்று வைத்தால், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை அதால் வகுக்கக் கிடைப்பது சுமார் 533 மெகாவாட். அந்தச் சுமையில் லைனின் மின்தேக்கம் தரும் ரியாக்டிவ் பவரும் (வேலை செய்யாமல் முன்னும் பின்னும் அலையும் பவர்) மின்தூண்டல் கேட்பதும் சமமாகி, வோல்டேஜ் லைன் நெடுகக் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். சுமை குறைந்தால் தூர முனையில் வோல்டேஜ் ஏறும் (ஃபெராண்டி விளைவு), அதற்குத்தான் மிகுதி ரியாக்டிவ் பவரை உறிஞ்சும் ரியாக்டர் என்ற பெரிய காயிலைப் போடுகிறார்கள். அதற்காக எல்லா லைனையும் இந்த அளவிலேயே ஓட்ட வேண்டும் என்றில்லை, குட்டையான லைன்கள் இதைவிடப் பல மடங்கு சுமக்கும். 50 ஹெர்ட்ஸில் அலைநீளம் 6000 கிலோமீட்டர், ஆகவே 100 கிலோமீட்டர் லைனில் பிரதிபலிப்பைப் பற்றி அன்றாடம் யோசிக்க வேண்டியதில்லை. இடி விழுந்தால் கதை வேறு: அந்தத் துடிப்பு மைக்ரோவினாடிகளில் ஓடுவதால், திறந்த முனையில் மோதி இரட்டிப்பாகிவிடும். டிரான்ஸ்ஃபார்மரும் அந்தத் துடிப்புக்குக் கிட்டத்தட்டத் திறந்த முனைதான்; மிகை வோல்டேஜைத் தரைக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டரை அதற்கு ஒட்டினாற்போல வைப்பது இதனால்தான்.

இனி ரேடியோ அதிர்வெண். 50 ஓம் கேபிள், முனையில் 100 ஓம் ஆன்டெனா. ஒன்றுமே செய்யாவிட்டால் பவரில் 11 சதவீதம் திரும்பி வரும், அரை டெசிபெல் இழப்பு. ரிசீவருக்கு மட்டும் என்றால் நான் அதைத் தொடவே மாட்டேன். டிரான்ஸ்மிட்டர், திரும்பி வரும் அலையைக் கண்டு பவரைத் தானாகக் குறைத்துக்கொண்டால்தான் மேட்சிங் தேவை.

இந்த 100 ஓமுக்குக் கால் அலை டிரான்ஸ்ஃபார்மர்தான், அதாவது அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள ஒரு கேபிள் துண்டுதான், என் தேர்வு. 50, 100 இரண்டின் பெருக்கல் சராசரி 70.7 ஓம், கடையில் கிடைக்கும் 75 ஓம் கேபிளே போதும். 150 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 50 சென்டிமீட்டர், திட பாலித்தீன் கேபிளில் வேகம் 66 சதவீதம் என்பதால் வெட்ட வேண்டியது 33 சென்டிமீட்டர். இழப்பு சொற்பம், அதிக பவரையும் தாங்கும். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஏழு மீட்டர் கேபிள் வேண்டும். அதிர்வெண் இரட்டிப்பானால் அது அரை அலையாகி எதையும் மாற்றாது. சுமையில் ரியாக்டன்ஸ் (காயில் அல்லது கெப்பாசிட்டர் காட்டும் வகைத் தடை) இருந்தாலும் நேரடியாகப் பொருந்தாது.

ரியாக்டன்ஸ் உள்ள சுமைக்கு ஸ்டப் நன்றாக வேலை செய்யும். லைனில் சரியான இடத்தில், சரியான நீளத்தில் ஒரு கிளை. சர்க்யூட் போர்டில் அது வெறும் தாமிரத் தடம், செலவே இல்லை. கேபிளில்தான் தொல்லை, ஏனென்றால் சுமை மாறினால் கிளையின் நீளத்தோடு இடமும் மாற வேண்டும்.

குறைந்த அதிர்வெண்ணில் எல் நெட்வொர்க்கை வெல்ல ஆளில்லை. ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். ஆனால் மாற்றும் விகிதமே அதன் க்யூ மதிப்பை (தேக்கும் ஆற்றலுக்கும் வெளியேறும் ஆற்றலுக்கும் உள்ள விகிதம், கூடினால் பட்டை குறுகும்) முடிவு செய்துவிடும்: 50 ஓமை 200 ஆக்க 1.73, 50 ஓமை 5 ஆக்க 3. அந்த 3க்கு, காயிலின் சொந்த க்யூ 100 இருந்தால் இழப்பு சுமார் 3 சதவீதம். பட்டை அகலத்தை, அதாவது மேட்ச் வேலை செய்யும் அதிர்வெண் வீச்சை, நாமே தீர்மானிக்க வேண்டும் என்றால் மூன்று பாகங்கள் கொண்ட பை அல்லது டி நெட்வொர்க்குக்குப் போக வேண்டும். பரந்த பட்டை முழுவதும் ஒரே விகிதம் போதும் என்றால் ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர், கோர் சூடாவதை மட்டும் கவனியுங்கள்.

ரெசிஸ்டர்களை மட்டுமே வைத்து மேட்ச் செய்யும் ரெசிஸ்டர் பேட் இன்னொரு ரகம். 50 ஓமிலிருந்து 75 ஓமுக்கு மாற்றும்போது குறைந்தபட்சம் 5.7 டெசிபெல் போய்விடும், நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் மறுபக்கம் சேரும். டிரான்ஸ்மிட்டருக்கு இதை வைப்பது அநியாயம். ஆனால் அளவீட்டுக் கருவிக்கு இதைவிட நம்பகமானது கிடையாது, ஏனென்றால் அதிர்வெண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரே மாதிரி நடக்கும்.

சர்க்யூட் போர்டின் டிஜிட்டல் சிக்னல் தடத்திலும் இதே தேர்வுதான். முனையில் 50 ஓம் போட்டால் 3.3 வோல்ட்டில் 66 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆரம்பத்திலேயே தொடர் ரெசிஸ்டர் போட்டால் பாதி வோல்டேஜ் அலை கிளம்பி, திறந்த முனையில் இரட்டிப்பாகி, திரும்பி வந்து அந்த ரெசிஸ்டரில் அடங்கிவிடும், நிரந்தர மின்னோட்டம் இல்லை. ஒரே ஒரு ரிசீவர் (இங்கே சிக்னலை வாங்கும் சிப்) என்றால் இது போதும். தடத்தின் நடுவிலும் ரிசீவர்கள் தொங்கினால் அவை சிறிது நேரம் பாதி வோல்டேஜைப் பார்க்கும், அங்கே முனை ரெசிஸ்டரே சரி.

முறையைவிட இடம் முக்கியம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டியூனரை (மாற்றியமைக்கக்கூடிய மேட்சிங் பெட்டியை) டிரான்ஸ்மிட்டர் பக்கம் வைத்தால் டிரான்ஸ்மிட்டர் திருப்தியடையும், ஆனால் கேபிளில் போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து உண்டாகும் நிலையலை அப்படியே இருக்கும், அதனால் கூடும் இழப்பும் அப்படியே இருக்கும். மீட்டரும் ஏமாற்றும்: ஒருவழி இழப்பு 3 டெசிபெல் உள்ள கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும், திரும்பும் அலை 6 டெசிபெல் தேய்ந்து வருவதால் எஸ்டபிள்யூஆர் (நிலையலை விகிதம், 1 என்றால் சரியான மேட்ச்) 3 என்றுதான் காட்டும். நீளமான கேபிள் என்றால் அளவீட்டை ஆன்டெனா முனையில் எடுங்கள், மேட்சிங்கையும் அங்கேயே வையுங்கள்.