பவுலிங் லேன் காய்ந்தால் எதை மாற்றுவது: காலையா, கையையா, பந்தையா?

முதல் கேமில், பந்து உருளும் பாதையான லேனில் இருக்கும் இரண்டாவது அம்புக்குறிக்கு மேல் உருட்டிய பந்து ஒழுங்காகப் பாக்கெட்டுக்குள், அதாவது முதல் பின்னுக்கும் அதன் வலப்பக்கப் பின்னுக்கும் நடுவே, போனது. மூன்றாவது கேமில் அதே இடத்தில் நின்று, அதே குறியைப் பார்த்து விட்டாலும் ஹெட்பின்னின் (முன்னால் நிற்கும் முதல் பின்) மூக்கிலேயே இடிக்கிறது. 4-6, 4-6-7-10 என்று பின்கள் இடைவெளி விட்டுப் பிரிந்து நின்று, ஸ்ப்ளிட் மேல் ஸ்ப்ளிட். பந்து திரும்பி வந்ததும் உற்றுப் பாருங்கள். ஆரம்பத்தில் வளையம் வளையமாகப் பளபளத்த ஆயில் கோடுகள் மங்கிப்போய், சில சமயம் வெறும் தூசி மட்டும் ஒட்டியிருக்கும். பூசியிருந்த ஆயில் தீர்ந்து லேன் காய்ந்துவிட்டது, பந்து வழுக்காமல் முன்னாலேயே வளைகிறது.

சென்னையில் சனி, ஞாயிறு மாலை மால் லேன்களில் ஆடுகிறவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. வைத்தியம் மூன்று: நிற்கும் இடத்தை மாற்றலாம், விடும் விதத்தை மாற்றலாம், பந்தை மாற்றலாம். பேச்செல்லாம் மூன்றாவதைப் பற்றித்தான், செலவும் அதில்தான். எங்கள் ஓட்டு முதலாவதுக்கு.

இங்கே சொல்வதெல்லாம் வலக்கைக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் திருப்பிப் போட்டுப் படித்துக்கொள்ளலாம். அவர்கள் பக்கத்தில் ஆடுகிறவர்கள் குறைவு, அதனால் ஆயிலும் மெதுவாகத்தான் தீரும். கொடுத்துவைத்தவர்கள்.

காய்ந்தது லேன்தானா?

எதையும் மாற்றுவதற்கு முன் திரையில் வேகத்தைப் பாருங்கள். முதல் கேமில் 26 கி.மீ. காட்டியது மூன்றாவது கேமில் 24 காட்டினால் குற்றவாளி லேன் அல்ல, உங்கள் கால். வேகம் குறைந்த பந்து முன்னாலேயே தரையைப் பிடித்துக்கொள்ளும். விளைவு காய்ந்த லேன் மாதிரியே தெரியும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். ஷூவின் அடிப்பாகம் லேசாக ஈரம் பட்டால் போதும், கடைசி அடி சறுக்காமல் பச்சக்கென்று நின்றுவிடும். உடம்பு முன்னால் போகும், கை பின்தங்கும், பந்து சோர்ந்து இறங்கும். மழை நாளில் முழங்காலுக்கே ஆபத்து. கழிப்பறைக்கோ சாப்பாட்டுக் கடைக்கோ போகும்போது ஷூவுக்கு உறை மாட்டுங்கள். திரும்பி வந்ததும் அடிப்பாகத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். வேகம் சரியாக இருந்தும் பந்து முன்னாலேயே வளைந்தால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

கால்: காசில்லாத வழி, கணக்கு மட்டும் தெரியணும்

கால் தாண்டக்கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து ஹெட்பின் வரை 60 அடி. குறுக்கே 39 போர்டுகள், அதாவது நீளப் பலகைகள், வலப்பக்கத்திலிருந்து எண்ணவேண்டும். அம்புக்குறிகள் 5 போர்டுக்கு ஒன்று, ஏறத்தாழ 15 அடி தூரத்தில் இருக்கின்றன. குறியை மாற்றாமல் காலை மட்டும் 1 போர்டு இடப்பக்கம் நகர்த்தினால், பந்து பின்களை அடையும்போது சுமார் 3 போர்டு வலப்பக்கம் போகும். குறிக்கு முன்னால் 15 அடி, பின்னால் 45 அடி, மூன்று மடங்கு. பாக்கெட் 17.5-வது போர்டு, ஹெட்பின் 20-வது போர்டு. ஆக, மூக்கில் இடிக்கும் பந்தின் தவறு இரண்டரை போர்டு. காலை 1 போர்டு நகர்த்தினால் அது சரியாகிவிடும். ஹெட்பின்னைத் தாண்டி இடப்பக்கம் விழுந்தால் 2 போர்டு. எந்தப் பக்கம் தப்பிப் போகிறதோ, அந்தப் பக்கமே கால் போகவேண்டும்.

ஆனால் குறியை விடாமல் காலை மட்டும் நகர்த்தினால் பந்து அந்தக் காய்ந்த இடத்தின் வழியாகத்தான் திரும்பவும் போகும். ரெண்டு ஃப்ரேமில் பழைய குருடி கதவைத் திறடி கதை. அதனால் காலை 2, குறியை 1 என்று சேர்த்து நகர்த்துங்கள். போதவில்லையா, 4-க்கு 2. எல்லோரும் பத்தாவது போர்டைக் குறிவைப்பதால் முதலில் தேய்வது அந்த இடம்தான். வழக்கமான ஹவுஸ் பேட்டர்னில், அதாவது லேன்காரர்கள் எப்போதும் ஆயில் பூசும் முறையில், நடுவில்தான் ஆயில் அதிகம் ஊற்றப்பட்டிருக்கும். மூன்றாவது அம்புக்குறிப் பக்கம் வந்தால் தொடாத ஆயில் கிடைக்கும்.

இதில் சொதப்புவது எங்கே என்றால், கால் நகர்ந்திருக்கும், தோள் நகர்ந்திருக்காது. உடம்பு பின்களைப் பார்த்தபடியே நின்றால், கடைசி நொடியில் கை பந்தை இடப்பக்கம் இழுத்துவிடும். அப்புறம் “இன்னும் காயுது” என்று மேலும் 3 போர்டு நகர்வார்கள். தோளைப் புதிய குறியை நோக்கித் திருப்புங்கள். நடக்கும்போது பழைய இடத்துக்கே சாய்ந்து வருகிறீர்களா என்று தெரிந்துகொள்ள, விட்ட பிறகு சறுக்கிய கால் எந்தப் போர்டில் நிற்கிறது என்பதைக் குனிந்து பாருங்கள்.

உள்ளே நகர்வது எல்லோருக்கும் பொருந்தாது. சுழற்சி குறைவாக விடுகிறவர்களின் பந்து அவ்வளவு உள்ளிருந்து வெளியே போனால் திரும்பி வராது. 2-4-5-8 அப்படியே நிற்கும். அவர்களுக்கு நேர்மாறான வழிதான் மேல்: வெளியே வந்து, முதல் அம்புக்குறிக்கு மேல், கோணம் இல்லாமல் நேராக, வளைவு குறைந்த பந்து. அழகாக இருக்காது. பின்கள் விழும்.

கை: உடனே பலிக்கும், சீக்கிரம் கைவிடும்

கையில் செய்யக்கூடிய மாற்றங்களில் நம்பத்தக்கது வேகம். பந்தைத் தோளால் தள்ளாதீர்கள். நிற்கும்போது வயிற்று உயரத்தில் பிடித்திருந்தால் மார்பு உயரத்துக்கு, அதாவது ஒரு சாண் மேலே ஏற்றுங்கள். ஊசல் நீளமாகி, பந்து தானாகவே வேகம் எடுக்கும். கால்களையும் கொஞ்சம் வேகப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பந்து முந்திவிடும்.

அடுத்தது சுழற்சி. பந்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், வழக்கமாக விரல்கள் 6-இல் தொடங்கி 4-இல் வெளியேறும். 5-இலேயே விட்டுவிட்டால் பக்கவாட்டுச் சுழற்சி குறைந்து, முன்னோக்கிய உருளல் கூடும், கடைசித் திருப்பமும் சாந்தமாகும். மணிக்கட்டைப் பின்பக்கம் லேசாகத் தளர்த்தினால் சுழற்சியே குறையும். சிலர் கையைப் பந்தின் மேலாகச் சுற்றிக் கொண்டுவந்து வழுக்க விடுவார்கள். முன்பகுதி மட்டும் காய்ந்திருந்தால் அது சரி, பின்பகுதியும் காய்ந்திருந்தால் பந்து திடீரென முறுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

ஃபவுல் கோட்டைத் தாண்டி ஓரிரு அடி தூக்கிப் போடுவதும் உண்டு. காய்ந்த முன்பகுதியைத் தாண்டிவிடலாம். தொம்மென்ற சத்தத்துக்கு ஊழியர் வந்து நிற்பார், அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

கைமாற்றம் எதுவானாலும் மூன்றாவது கேமின் களைப்பில் ஒரே மாதிரி வராது. நிற்கும் இடத்தை மாற்றுவதில் அந்தப் பிரச்சினை இல்லை.

பந்து: எது, ஏன்

மாலில் கிடைக்கும் ஹவுஸ் பந்துகள் பாலியெஸ்டர், பேச்சுவழக்கில் பிளாஸ்டிக். ஆயிலைக் குடிக்காது, வளைவதும் சொற்பம். எலும்புபோல் காய்ந்த லேனில் இதற்கு இணை கிடையாது, செலவும் இல்லை. ஆனால் பாக்கெட்டில் நுழையும் கோணம் குறைவு என்பதால் ஸ்ட்ரைக் (முதல் பந்திலேயே பத்துப் பின்னும் விழுவது) குறையும். வேகமாக விடவேண்டுமென்று 10 பவுண்டு பந்தை எடுத்தால் ஹெட்பின்னில் பட்டதும் விலகிப்போய் 5-ஆம் பின் நின்றுவிடும். தூக்க முடிந்த கனமே சரி.

சொந்தப் பந்து வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் யூரித்தேன் பக்கம் சாய்கிறார்கள். ஸ்டார்ம் பிட்ச் பிளாக், ஹாமர் பர்ப்பிள் என்று பெயர்கள் காதில் விழும். யூரித்தேன் முன்னாலேயே மெதுவாக வளையத் தொடங்கி, வில்போல் போகும். திடீர்த் திருப்பம் இல்லை. ஆயில் குறைந்த தூரம் மட்டும் பூசிய குட்டையான பேட்டர்னில், வேகமும் சுழற்சியும் உள்ளவர் கையில் அது நல்ல ஆயுதம்தான். ஆனால் முன்பகுதியே காய்ந்த மால் லேனில், 24-25 கி.மீ. வேகத்தில் விட்டால் 40 அடிக்குள் சக்தியெல்லாம் செலவாகிவிடும். பாக்கெட்டில்தான் விழும், ஆனால் 10-ஆம் பின் அசையாமல் நிற்கும். “யூரித்தேன் வாங்கியும் ஸ்ட்ரைக் வரவில்லை” என்பதன் காரணம் இதுதான்.

அந்த இடத்தில் எங்கள் தேர்வு பலவீனமான, அதாவது வளைவு குறைந்த, பேர்ல் ரியாக்டிவ் (முத்துப் பளபளப்புள்ள ரெசின் மேற்பரப்பு). ப்ரன்ஸ்விக் ரைனோ மாதிரித் தொடக்கநிலைப் பந்துகளில் பளபளப்பாக வருபவை. முன்பகுதியை வழுக்கிக் கடக்கும், சக்தி மிச்சமிருக்கும். வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள்: ஆர்.ஜி. (பந்தின் எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பது) 2.55-ஐ ஒட்டியோ மேலேயோ, டிஃபரென்ஷியல் (ஆயில் வளையங்கள் எவ்வளவு விரியக்கூடும் என்பது) 0.040-க்குக் கீழே. துளையிடும்போது பந்தின் சுழல் அச்சுப் புள்ளிக்கும், பந்தின் மேல் வண்ணப் புள்ளியாகத் தெரியும் ‘பின்’ குறிக்கும் இடைத்தூரம் 3.375 அங்குலத்தை ஒட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். வளையங்கள் மிக அதிகமாக விரிவது அந்தத் தூரத்தில்தான். 5 அங்குலத்துக்கு மேல் போனால் விரிவு குறையும். முன்னாலேயே தரையைப் பிடிக்கும் சாலிட் ரியாக்டிவ் பந்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

இருக்கும் பந்தையே பளபளப்பாக்குவது இன்னொரு வழி. கிளீனரால் முழுக்கத் துடைத்து, நனைந்த 2000 அப்ராலான் பேடால் (தேய்க்கும் தகடு, எண் கூடக்கூட மென்மை) ஆறு பக்கமும் தலா அரை நிமிடம், பிறகு 4000, கடைசியில் பாலிஷ் சில துளி. கிளீனரைத் தவிர்த்துவிட்டு நேரே பாலிஷ் போட்டால் அழுக்கும் ஆயிலும் உள்ளேயே மூடிக்கொள்ளும், பந்து எந்த நாளும் ஒரே மாதிரி ஆடாது. பிடிக்கவில்லையென்றால் 2000 பேடால் திரும்பத் தேய்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்பது இதன் லாபம். பின்பகுதியும் காய்ந்திருந்தால் பளபளப்புப் பந்து கடைசி 15 அடியில் வெடுக்கென்று திரும்பும் என்பது நட்டம். இதெல்லாம் வீட்டில் செய்யும் வேலை. 

ஒரே ஒரு பந்துக்குத்தான் காசு என்றால், பேர்லைக்கூட விட்டுவிட்டு, கைக்கு அளவாகத் துளையிட்ட பிளாஸ்டிக் பந்து வாங்கச் சொல்வோம். காய்ந்த லேனில் அதிகம் பறிபோவது 10-ஆம் பின் ஸ்பேர்தான், அதாவது வலக்கோடியில் மிஞ்சிய பின்னை இரண்டாவது பந்தில் வீழ்த்துவது. வளையும் பந்து அதை விட்டு ஓடிவிடும். பிளாஸ்டிக்கை எடுத்து, கால் 32-33-வது போர்டில், நடு அம்புக்குறிக்கு மேல் நேராக விடுங்கள். காலுக்கு வலப்பக்கம் 6-7 போர்டு தள்ளிப் பந்து இறங்கும் என்பதால் கோடு சரியாக மூலைக்குப் போகும்.

எந்தப் பந்தானாலும் ஓஎம்ஆர் வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். ரியாக்டிவ் பந்து அந்தச் சூட்டிலிருந்து நேரே ஏசிக்குள் வந்தால் கட்டைவிரல் துளையைச் சுற்றி விரிசல் விடலாம்.