பூடில் கலப்பு நாய் வளர்ப்பு: முடி கொட்டாத நாய்க்குத்தான் சீப்பு அதிகம் தேவை

"முடியே கொட்டாதாமே?" பஞ்சுவைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பஞ்சு எங்கள் வீட்டுக் காக்கபூ. அம்மா காக்கர் ஸ்பானியல், அப்பா மினியேச்சர் பூடில். குட்டியாக வந்தவன், இப்போது நடுவயதை எட்டிவிட்டான். சோபாவிலும் துணிமணியிலும் முடி ஒட்டுவது மிகவும் குறைவு, அது உண்மை. ஆனால் உதிர்கிற முடி பக்கத்துச் சுருளிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். சீவி எடுக்காவிட்டால் சிக்கு விழும். வீடு பெருக்கும் வேலை குறைகிற அளவுக்குச் சீவும் வேலை கூடும் என்று தெரிந்துகொண்டுதான் இந்த நாயை வாங்க வேண்டும்.

மேலோட்டமாக பிரஷ் போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடியில், தோலை ஒட்டிச் சிக்கு பின்னிக்கொண்டே போகும். முடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, தோல் தெரிகிற மாதிரி வகிடெடுத்து, வகிடு வகிடாக ஸ்லிக்கர் பிரஷ்ஷால் (மெல்லிய வளைந்த கம்பிப் பற்கள் உள்ள பிரஷ்) சீவ வேண்டும். பிறகு உலோகச் சீப்பு. அது வேரிலிருந்து நுனிவரை தட்டாமல் வந்தால்தான் அந்த இடம் முடிந்ததாகக் கணக்கு. காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப்பட்டையும் ஹார்னஸும் (மார்பைச் சுற்றிப் போடும் வார்) உரசுகிற இடங்களில் தினமும் விரலால் தடவிப் பார்க்கிறேன். பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு தட்டுப்பட்டால், வேர்ப்பக்கம் விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பேன். அப்படிப் பிடித்தால் தோல் இழுபடாது. பஞ்சுவும் என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பான். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கை எடுத்துவிட வேண்டும். நனைந்து காய்ந்தால் அது கம்பளி போல இறுகிவிடும், அப்புறம் மழிப்பதைத் தவிர வழியில்லை. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் குட்டி முடி போய்ப் பெரிய முடி வருகிற பருவம்தான் கடினம். நேற்றுச் சீவிய இடம் இன்று சிக்காகிக் கிடக்கும்.

காதுக்கும் தனிக் கவனம் வேண்டும். தொங்குகிற காது, உள்ளே முடி, ஈரம் மூன்றும் சேர்ந்தால் தொற்று எளிதில் வரும். குளித்ததும் காதைத் துடைத்து உலர்த்திவிடுவோம். நாற்றம், பழுப்பு அழுக்கு, ஓயாமல் தலையை உதறுவது, இதில் எது தெரிந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

அலர்ஜிக்காக இந்த நாயைத் தேடுகிறவர்கள் நிறைய. லாப்ரடூடில் பிரபலமானதே அப்படித்தான். 1989-இல் ஆஸ்திரேலியாவில், வழிகாட்டி நாய்களை வளர்க்கும் பொறுப்பில் இருந்த வாலி கான்ரன், ஹவாயில் இருந்த பார்வைக் குறைபாடுள்ள ஒரு பெண்மணிக்காக லாப்ரடாரையும் ஸ்டாண்டர்டு பூடிலையும் இணைத்தார். அந்தப் பெண்மணியின் கணவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது. பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே ஈற்றிலேயே இவ்வளவு வித்தியாசம்! அலர்ஜியைக் கிளப்பும் புரதங்கள் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கின்றன. முடி கொட்டாததால் அவை இல்லாமல் போவதில்லை. அதனால் அலர்ஜி உள்ளவர் வாங்கப்போகும் அதே குட்டியோடு சில முறை நேரம் செலவிட்டுப் பார்த்தபிறகே முடிவெடுப்பது நல்லது.

கலப்பினம் என்றால் நோய் வராது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். விழித்திரை படிப்படியாகக் கெட்டுப் பார்வை போகிற பரம்பரை நோய் ஒன்று பூடிலுக்கும் உண்டு, காக்கருக்கும் உண்டு. இரண்டு பக்கமும் இருப்பதைக் கலப்பு எப்படிப் போக்கும்? சிறிய ரகங்களில் முழங்கால் சில்லு நழுவும். பெரிய ரகங்களில் இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும். கவாலியர் ஸ்பானியலும் பூடிலும் கலந்த கவாபூ என்றால் கவாலியர் வழியாக இதயக் கோளாறு வரலாம். தாய், தகப்பன் இரண்டுக்கும் பரிசோதனைச் சான்று கேளுங்கள். தாயோடு குட்டிகளைக் காட்டத் தயங்குகிறவரிடம் வாங்கவே வேண்டாம். எட்டு வாரத்துக்கு முன் தாயைவிட்டுப் பிரிக்கவும் கூடாது. குட்டியின் நிறத்தைப் பார்ப்பதைவிடத் தாய் புதியவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது மேல்.

குணத்தைச் சொன்னால் எனக்கு நிறைவுதான். பிள்ளைகளிடம் பஞ்சு அவ்வளவு பிரியமாக இருப்பான். ஆனால் பூடில் தண்ணீரில் விழுந்த பறவையை எடுத்துவர வளர்த்த நாய். காக்கர் புதரில் மோப்பம் பிடித்துப் பறவையைக் கிளப்பிவிட வளர்த்த நாய். இரண்டின் மூளையும் சேர்ந்து வந்தால் சும்மா உட்காராது. நடை மட்டும் போதவில்லை. துண்டைச் சுருட்டி உள்ளே தீனியை ஒளித்து வைத்தால், மூக்கால் தள்ளித் தள்ளி விரித்து எடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துத் தூங்குகிறான். வேலை இல்லாத நாளில் வாசலில் யார் நடந்தாலும் குரைப்பு. தனியாக இருக்கவும் குட்டியிலேயே சில நிமிடங்களில் தொடங்கிப் பழக்க வேண்டும். நாள் முழுக்க ஆளில்லாத வீட்டுக்கு இந்த நாய் சரிப்படாது.

தினமும் சீவ நேரம் இல்லாதவர்கள் முடியை நீளமாக விடாதீர்கள். பஞ்சுவுக்கு இப்போது உடம்பு முழுக்கக் குட்டையாக வெட்டி, காதிலும் வாலிலும் மட்டும் கொஞ்சம் விட்டிருக்கிறோம். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை, நாய்க்கு முடி வெட்டிவிடும் குரூமரிடம் போகிறோம். சீவுகிற நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது.