காதுக்குள் ஓயாத சில்வண்டு: இயர் பிளக் முதல் காது மெஷின் வரை என் எட்டு ஆண்டுகள்

கோவை மாவட்டம் சோமனூர் பக்கத்தில் எங்களுக்குப் பத்து விசைத்தறிகள் இருக்கின்றன. அப்பா காலத்தில் நான்காக இருந்தன. பதினேழு வயதில் தறிக்குடோனுக்குள் நுழைந்த எனக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. தறி ஓடும்போது எங்களில் யாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்வதில்லை. உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும் வேலை நடக்கும். சாயங்காலம் வெளியே வந்தால் கொஞ்ச நேரம் காதுக்குள் 'ஙொய்' என்று இருக்கும். சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் போய்விடும். அது காது கெட்டுக்கொண்டிருப்பதன் அடையாளம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

2017 பங்குனியில் மாரியம்மன் பொங்கல் நடந்தது. ஊர்வலத்தில் எனக்குப் பத்தடி தூரத்தில் அதிர்வேட்டு வெடித்தது. அன்று இரவு வந்த இரைச்சல் காலையில் போகவில்லை. இன்றுவரை போகவில்லை. தோப்பில் அந்தி நேரத்தில் கத்தும் சில்வண்டை யாரோ பிடித்து என் வலது காதுக்குள் விட்டது போன்ற சத்தம். இடது காதில் அதைவிட மெல்லியதாக ஒரு விசில்.

ஒரு மாதத்துக்குள் இரண்டாவது தொல்லையும் வந்து சேர்ந்தது. எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்தால் காதுக்குள் ஊசி இறங்கியது. குக்கர் விசில், மிக்சி, தனியார் பஸ்ஸின் ஏர் ஹார்ன், பேத்தி சிரிக்கும் சத்தம்கூட வலித்தது. என் மனைவி ஒரு நாள் கேட்டாள்: "நான் பேசினால் கேட்கவில்லை என்கிறீர்கள். டம்ளர் விழுந்தால் துடிக்கிறீர்கள். காது கேட்கிறதா, கேட்கவில்லையா?" அவள் கோபமாகக் கேட்கவில்லை, குழம்பிப்போய்க் கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

பதில் கோவையில் ஆடியோகிராம், அதாவது காது எந்த ஒலியை எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் சோதனை, எடுத்தபோது கிடைத்தது. தாழ்ந்த ஒலிகள் ஓரளவு சரியாகக் கேட்கின்றன. கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் இருக்கும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கோடு பள்ளத்தில் விழுகிறது. அங்கே வலது காதில் 55 டெசிபெல் இழப்பு, இடதில் 50. இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காது முதலில் கெடுவது அந்த இடத்தில்தான் என்றார் சோதனை செய்த செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட். உட்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்புக்குள் ஒலியை வாங்கும் மயிர்ச் செல்கள் வரிசையாக இருக்கின்றன. மனிதனுக்கு அவை ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. அந்தப் பகுதியிலிருந்து செய்தி வராததால் மூளை தன் வாங்கும் திறனைக் கூட்டிக்கொள்கிறது. அப்படிக் கூட்டியதில் இல்லாத ஒலி ஒன்று கேட்கத் தொடங்குகிறது. இருக்கிற ஒலி அளவுக்கு மீறிக் கேட்கிறது. எனக்கு அது உடனே புரிந்தது. பாவில் இழை அறுந்தால் துணி நெடுகக் கோடு விழும். என் இரைச்சல் அந்தக் கோடு. இழை அறுந்த இடம் எதுவோ, அதே சுருதியில்தான் என் சில்வண்டும் கத்துகிறது.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனையில் ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாற்று மாத்திரையும் தலைசுற்றலுக்கான மாத்திரை ஒன்றும் ஆறு மாதம் கொடுத்தார்கள். ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவானது, எள்ளளவும் மாற்றமில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் காதிரைச்சலுக்கு ஜின்கோவைப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். அம்மா பூண்டு காய்ச்சிய எண்ணெயை இரண்டு சொட்டு விட்டார். அவர் மனதுக்காகப் படுத்திருந்தேன். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது ஆபத்து. யாரும் செய்ய வேண்டாம்.

இனி நான் செய்த பெரிய தவற்றைச் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சத்தம் வலிக்கிறது என்றதும் மஞ்சள் நிற ஃபோம் இயர் பிளக் ஒரு பெட்டி வாங்கினேன். முதல் நாள் சொர்க்கமாக இருந்தது. காலையில் எழுந்ததும் மாட்டினேன், குளிக்கும்போது மட்டும் கழற்றினேன். சமையலறைப் பக்கம் போகவே மாட்டேன். உறவில் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. மேளம் அடிப்பார்கள் என்று மாமன் மகள் சீருக்குக்கூட மனைவியைத் தனியாக அனுப்பினேன். இப்படி இரண்டு ஆண்டுகள் போயின. அந்த இரண்டு ஆண்டுகளில் என் காது தேறவில்லை, மேலும் கூசிப்போனது. 2017-இல் டம்ளர் விழுந்தால் வலித்த எனக்கு 2019-இல் செய்தித்தாளைப் புரட்டும் சத்தமே பொறுக்கவில்லை. பிளக்குக்குள் அமைதி கூடக்கூடச் சில்வண்டின் குரலும் ஓங்கியது.

இதுவும் மூளையின் அதே வேலைதான். வெளியே ஒலி குறைந்தால் அது இன்னும் உன்னிப்பாகக் கேட்கிறது. 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நல்ல காது உள்ளவர்களுக்கே இரண்டு வாரம் காதை அடைத்துப் பார்த்தார்கள். ஒலிகள் முன்பைவிட உரத்துக் கேட்கத் தொடங்கின. மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து காதில் கொடுத்தபோது நேர்மாறாக நடந்தது. 1953-இல் இன்னோர் ஆய்வில் எண்பது பேரை ஒலிபுகா அறையில் உட்கார வைத்தார்கள். காதில் குறையே இல்லாத அவர்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். முழு அமைதியில் யாருடைய காதும் சும்மா இருப்பதில்லை.

ஆடியாலஜிஸ்ட் பிளக்கைக் கழற்றச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரே நாளில் வேண்டாம் என்றார். முதல் வாரம் காலையில் ஒரு மணி நேரம், திண்ணையில், பிளக் இல்லாமல். அடுத்த வாரம் இரண்டு மணி நேரம். டம்ளருக்கு அவர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது: அடுத்தவர் வைக்கும் டம்ளரைவிட நானே வைக்கும் டம்ளர் குறைவாக வலிக்கும், ஏனென்றால் சத்தம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் தினமும் நானே மேடைமேல் டம்ளர் வைத்துப் பழகினேன். முதலில் துணி விரித்து, பிறகு வெறும் கல்லில். மனைவி பாத்திரம் துலக்கும்போது நான் கூடத்தில் உட்காருவேன். ஒரு மாதம் கழித்து அடுப்படி வாசலில். பிறகு பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தேன். ஏழு மாதம் ஆனது. வலி முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பேத்தி சிரித்தால் இப்போது வலிப்பதில்லை.

பிளக்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தறிக்குடோனில் அது உயிருக்குச் சமம். கைப்பேசிச் செயலியில் எங்கள் குடோன் 96, 97 டெசிபெல் காட்டியது; ஆய்வுக்கருவி அளவுக்கு அது துல்லியமில்லை என்றாலும் நிலைமை தெரிந்தது. அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 97-க்கு அரை மணி நேரம். நாங்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்றோம். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இருந்தது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அச்சட்டப்படி அது தொழிற்சாலையாக இருந்தது. நான்கு பேர் வேலை செய்யும் எங்கள் குடோனை எந்த அதிகாரி வந்து அளப்பார்? இந்த வேதனை எனக்கு ஆறவேயில்லை.

பயன்படுத்தியவற்றில் ஃபோம் பிளக் மலிவு, நன்றாக அடைக்கும். எத்தனை டெசிபெல் குறைக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் 29, 33 என்ற எண்கள் சோதனைக்கூடத்து எண்கள். சரியாக நுழைக்காவிட்டால் பாதிகூடக் கிடைக்காது. மெல்லிய திரியாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இது எனக்குத் தெரியவே ஓராண்டு ஆனது. குறை என்னவென்றால் பேச்சு மொத்தமும் முணுமுணுப்பாகிவிடும். கல்யாணம், பஸ் பயணம் போன்றவற்றுக்கு இசைக்கலைஞர்கள் போடும் வகை பிளக் நல்லது. எல்லாச் சுருதியையும் ஏறத்தாழ ஒரே அளவு குறைக்கிறது, எதிரில் இருப்பவர் பேசுவது புரிகிறது. தலைமேல் மாட்டும் இயர் மஃப் குடோனுக்குச் சிறந்தது, ஆனால் சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றும், மெத்தை ஒரு வருடத்தில் வெடித்துவிடும். இரைச்சலை ரத்து செய்யும் ஹெட்போனை மகன் வாங்கிக் கொடுத்தான். பஸ் எஞ்சின் உறுமலுக்கு அருமை. திடீரென வரும் பட்டாசுக்கும் பாத்திரத்துக்கும் அதை நம்ப முடியாது.

இரவு தனி விஷயம். மின்விசிறி ஓடினால் சில்வண்டு அதற்குள் கரையும். மார்கழியில் விசிறி போட முடியாது, அதுதான் எனக்குக் கடினமான மாதம். ஒரு சின்னஞ்சிறு ஸ்பீக்கரில் மழைச் சத்தம் வைக்கிறேன். சில்வண்டை முழுக்க மூழ்கடிக்கும் அளவுக்கு வைக்கக் கூடாது. இரண்டும் கலந்துவிடும் அளவைவிடச் சற்றுக் குறைவாக வைக்க வேண்டும். அப்போதுதான் மூளை இரைச்சலைப் பொருட்படுத்தாமல் விடப் பழகுகிறது.

காது மெஷின் போட நான்கு ஆண்டுகள் மறுத்தேன். கிழவனாகிவிட்டேன் என்று ஊர் சொல்லும் என்ற பயம். 2021-இல் இரண்டு காதுக்குமாக 48,000 ரூபாய்க்கு வாங்கினேன். இவ்வளவு காலமும் கடை, தடை, படை, சடை எல்லாம் எனக்கு 'அடை' என்றே கேட்டிருக்கிறது. பின்னால் வருகிற சொல்லை வைத்து ஊகித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மெஷின் போட்ட அன்று முதல் எழுத்து திரும்பி வந்தது. ஊகிக்கும் களைப்பு போனதும் இரைச்சலின் நினைப்பும் குறைந்தது. செவித்திறன் குறைந்தவர்களுக்குக் காதிரைச்சல் இருந்தால் முதலில் இதைத்தான் போட்டுப் பார்க்கச் சொல்வேன். திடீர்ச் சத்தத்துக்கு உச்சவரம்பு வைத்துத் தரும்படி கேளுங்கள். எனக்கு மூன்று முறை திருத்தினார்கள். பழுப்பு ஒட்டு உள்ள 312 பேட்டரி ஒரு வாரம் வருகிறது. ஒட்டைப் பிரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப் பட வைத்த பிறகே போட வேண்டும். வேர்வைதான் எதிரி. இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். தறிக்குடோனுக்குள் அதைப் போட்டுக்கொண்டு போகவே மாட்டேன்.

ஒன்று மட்டும் அவசரம். ஒரே இரவில் ஒரு காது கேட்காமல் போனாலோ, இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, ஒரு பக்கம் மட்டும் நீடித்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். திடீர்ச் செவிட்டுத்தன்மைக்குச் சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

போன தீபாவளிக்கு மாலை ஏழு முதல் எட்டு மணி வரை இயர் மஃப் போட்டு உள்ளறையில் இருந்தேன். எட்டேகாலுக்குக் கழற்றிவிட்டு வாசலுக்கு வந்து பேத்தியோடு கம்பி மத்தாப்பு கொளுத்தினேன். தூரத்தில் இன்னும் வெடித்துக்கொண்டுதான் இருந்தது. முன்பென்றால் மறுநாள் காலைவரை கழற்றியிருக்க மாட்டேன்.

குடோனில் இப்போது நான்கு பேருக்கும் இயர் மஃப் வாங்கி வைத்திருக்கிறேன். மூன்று பேர் உடனே போட்டுக்கொண்டார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தலை கலைகிறது என்று போடாமல் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பஸ்ஸில் கோவைக்குக் கூட்டிப்போய் என் செலவில் ஆடியோகிராம் எடுக்க வைத்தேன். 4000-இல் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. என் தாளையும் அவன் தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஊர் வந்து சேரும்வரை அவன் பேசவில்லை. திங்கட்கிழமை தறியைப் போடும் முன்பே மஃப் அவன் காதில் இருந்தது.